லிம் சூ காங்கில் ஒரு செவ்வாய்

வாரத்தில் ஆறு நாள்
மஞ்சள் கொடியைத் தலைக்குமேல் பிடித்தபடி
சிங்கத்தலை மீனுக்கு முன்னால்
ஆட்களை நிறுத்துகிறேன்.
"வாயை இன்னும் கொஞ்சம் திறங்க அண்ணே,
தண்ணி நேரா உங்க வாய்க்குள்ள விழுற மாதிரி வரும்."
சொல்லிச் சொல்லி
எனக்கும் கொஞ்சம் கல் வாய்.

ஏழாவது நாள்
சுவா சூ காங்கில் 975 ஏறினேன்.
பெரிய காரணம் ஒன்றுமில்லை.
அந்தப் பேருந்தை நான்
யாருக்கும் சிபாரிசு செய்ததில்லை.

அடுக்குமாடிகள் ஒவ்வொன்றாகப் பின்தங்கின.
கல்லறைகள் வந்தன. சீனர், முஸ்லிம், கிறிஸ்துவர், இந்து
எல்லாருக்கும் ஒரே சாலை.
பூப்பொட்டலத்தோடு இருந்த மூன்று பேர் அங்கே இறங்கிக்கொண்டார்கள்.
முள்கம்பி வந்தது, சிவப்புப் பலகை வந்தது,
நான்கு மொழியிலும் நுழையாதே.
கோழிப்பண்ணை வாசம் வந்தது.
அப்புறம் நானும் ஓட்டுநர் குணாளனும்தான்.

கண்ணாடியில் பார்த்தார்.
"தூங்கிட்டீங்களா? கடைசி ஸ்டாப்."
"இல்ல, இங்கதான்."
"மீன் பண்ணையில வேலையா?"
"சுத்திப் பார்க்க."
"எதை?"

தார் தீர்ந்துபோன இடத்தில்
கடல் இறங்கிப்போயிருந்தது.
சேறு, கண் எட்டும்வரை சேறு,
அதில் விரல் விரலாக நிமிர்ந்த அலையாத்தி வேர்கள்.
வெயில் படுகிற இடமெல்லாம் வெள்ளித்தட்டு.
கண் பிதுங்கிய குட்டி மீனொன்று
தண்ணீரை விட்டு வெளியே வந்து
செட்டையை ஊன்றி நடந்தது.
இதுவும் பாதி மீன்தான்.
மீதிப் பாதி என்னவென்று
இன்னும் யாரும் சிலை வைத்து முடிவு செய்யவில்லை.

கைப்பேசி அதிர்ந்தது:
மலேசியாவுக்கு நல்வரவு,
நாளொன்றுக்கு இத்தனை வெள்ளி.
எதிர்க்கரையின் சிக்னல்
என்னைக் கேட்காமலே எல்லை தாண்டவைத்துவிட்டது.
தனியாகச் சிரித்தேன்.
ஒரு கொக்கு மட்டும் திரும்பிப் பார்த்தது.
கொக்குதானா அது?
சாம்பல் உடம்பு, மஞ்சள் அலகு.
பெயர் தெரியாத பறவைக்கு முன்னால்
ஒரு வழிகாட்டி எப்படி நிற்பது,
கையை எங்கே வைத்துக்கொள்வது?

படகுத்துறையில் ஆ செங்
நுரைப்பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்.
பெயர் தொப்பியில் எழுதியிருந்தது.
கயிற்றை என் பக்கம் வீசி
நில், அங்கேயே நில் என்று சைகை காட்டினார்.
நின்றேன்.
ஒன்பது வருடத்தில் முதல்முறை
எங்கே நிற்பதென்று எனக்கு ஒருவர் சொல்கிறார்.
கயிறு ஈரமாக இருந்தது, உப்பாக,
உள்ளங்கைக்குள் மெல்ல இழுத்து, மெல்லத் தளர்ந்து.
படம் எடுக்கக் கை காலியில்லை.
அவர் போகும்போது நன்றி சொன்னாரா தெரியவில்லை,
எஞ்சின் சத்தம்.

திரும்பும்போதும் குணாளன்தான்.
"பார்த்தாச்சா?" என்றார்.
"பாதி" என்றேன்.

புதன்கிழமை.
திருப்பூர்க் குழு, முப்பத்தெட்டுப் பேர்.
மிட்டாய் நிறச் சேலையில் ஒரு அம்மா
இரண்டாவது வரிசையிலிருந்து கேட்டார்:
"இவ்வளவுதானா கண்ணு உங்க ஊரு?
வேற ஒண்ணும் இல்லையா?"
ஒலிவாங்கி வாயருகே இருந்தது.
"இவ்வளவுதாங்க."

அவர் பேத்தி மட்டும் குனிந்து
கம்பளத்தில் என் காலணி உதிர்த்த
காய்ந்த சேற்றுக்கட்டியை எடுத்து
மூக்கருகே கொண்டுபோனாள்.
"அக்கா, இது எங்க இருக்கு?"

கொடியைத் தூக்கினேன்.
எல்லாரும் இந்தப் பக்கம் வாங்க.