பூவின் முதுகு

மல்லாவி ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில்
பகல் முழுக்க இரத்தத்துக்குச் சாயம் ஏற்றுகிறேன்.
கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு, இழுத்து, உலர்த்தி,
ஊதா ஊற்றி, எட்டு நிமிசம் பொறுத்துக் கழுவினால்
அணுக்கள் தாம் யாரென்று சொல்லிவிடும்.
பின்னேரம் வீட்டில் பூக்களிடம் அதையே கேட்கிறேன்.
அவை சொல்வதில்லை.

எண்ணெய் வர்ணத்துக்கு எட்டு நிமிசம் காணாது.
மாரியில் எட்டு நாளும் காணாது.
வவுனியாவிலிருந்து ட்யூப் வாங்கிவந்து தரும்
கொண்டக்டர் கருணாநந்தன்,
"என்ன தங்கச்சி, பற்பசையோ?" என்றார்.
ஒரு ட்யூப் வெள்ளையின் விலைக்கு ஒரு கோழி வரும்.
ஆகையால் வெள்ளையில் கஞ்சத்தனம் பழகினேன்.
ஒளி வேண்டிய இடத்தில்
துணியைச் சும்மா விட்டேன்.

முதலில் செவ்வரத்தை.
ஈரத்தின் மேல் ஈரம் பூசிப் பார்த்தேன்.
சிவப்புக்குள் பச்சை புகுந்து இதழ் சேறானது.
வவுனிக்குளம் வான் பாய்ந்த கிழமை அது,
எல்லா இடமும் அதே நிறந்தான்.

அடுத்தது கத்தி.
பாணுக்கு மாஜரின் பூசுகிற கத்தியாலேயே
கொன்றையை அப்பினேன்.
அரை விரல் தடிப்பில் நின்றது மஞ்சள்.
விடியப் பார்த்தால் அதில் ஓர் ஈசல்,
சிறகை விரித்தபடி.
எடுக்கவில்லை.
என் இதழ்களைவிட அதுதான் உண்மையாய் ஒட்டியிருந்தது.

எருக்கலைக்குப் பொறுமை வேண்டும்.
முழுப் பூவையும் சாம்பலில் கீறி, காயவிட்டு,
ஊதாவை எண்ணெயில் தேத்தண்ணிபோல் கரைத்து
ஒரு படலம்.
கிழமை கழித்து இன்னொன்று.
ஐந்தாவதில் பூ உள்ளேயிருந்து வெளிச்சம் விட்டது.
ஆறாவதில் அணைந்தது.
எங்கே நிறுத்துவது என்று
ட்யூப்பில் எழுதியிருக்கவில்லை.

முட்டை கொண்டு வரும்போதெல்லாம்
பவளராணி அக்கா நின்று பார்ப்பா.
"கார்த்திகைப்பூவைக் கீறன் பிள்ளை,
வடிவாயிருக்கும்."
"அதைக் கீற வேற ஆக்கள் இருக்கினம் அக்கா."
அவ ஒன்றும் கதைக்காமல்
முட்டைகளைத் திரும்ப எண்ணினா.

துணி முடிந்துபோன மாதம்
சாக்கில் பசை தடவிக் கீறினேன்.
சாக்கு எண்ணெயைக் குடித்துவிட்டு நிறத்தைத் துப்பியது.
பிறகு கோழிக்கூட்டின் மேல் கிடந்த
தறப்பாளில் ஒரு துண்டு வெட்டினேன்.
வெளிறிய நீலம், மூலையில் பாதி எழுத்து.
அதன் கீழே நாங்கள் ஏழு பேர் படுத்தது
பூவுக்குத் தெரியவேண்டியதில்லை.

பட்டிப்பூ. ஐந்து இதழ், நடுவில் சிவப்புக் கண்.
மெலிந்தது கீழே, கொழுத்தது மேலே என்ற
விதியை முதல்முறை ஒழுங்காய்க் கைக்கொண்டேன்.
நன்றாகவே வந்தது.

பங்குனி வெயிலில் ஓரம் சுருண்டது.
நகத்தால் தொட்டேன்.
பூ முழுசாய், கிழியாமல்,
புண் ஆறிய பொருக்குப்போல் கழன்று
உள்ளங்கைக்கு வந்தது.
தறப்பாள் ஒன்றையும் பிடித்துவைக்கவில்லை.

திருப்பினேன்.
முதுகில்,
நான் முதல் வைத்த கோடுகள்
எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றன.
தொடங்கிக் கைவிட்ட ஆறாவது இதழ்.
இடம் மாறிய கண்.
தறப்பாளின் நெசவு கட்டம் கட்டமாய்.
அந்தப் பாதி எழுத்தின் மை,
இடம் வலமாகி, எந்த மொழியும் இல்லாமல்.
மூடிவிட்டேன் என்று நான் நம்பியதெல்லாம்
அங்கே காயாத பளபளப்போடு இருந்தது.
முகத்தைவிட நல்ல படம்.

இப்போது யன்னல் கண்ணாடியில் கீறுகிறேன்.
கடைசியாய் வைக்கிற ஒளிப் புள்ளியை முதலில் வைக்கவேண்டும்.
பிறகு மகரந்தம், பிறகு இதழ்,
இருட்டு எல்லாவற்றுக்கும் பிறகு.
ஒரு தரம் வைத்ததை மறைக்க வழியில்லை.
முகம் மற்றப் பக்கத்தில் இருப்பதால்
நான் என்ன செய்கிறேன் என்று
எனக்கே வடிவாய்த் தெரியாது.

வெளியில் முட்டைக் கூடையோடு நின்று
பவளராணி அக்கா சொல்கிறா:
"பிள்ளை, இடப்பக்கம் ஒரு இதழ் காணாது."

"ஆருடைய இடப்பக்கம் அக்கா?"