கால் மட்டும்

மின்சார பில்லின் பின்பக்கத்தில்தான்
தொடங்கியது இந்தப் பயணம்.
பிப்ரவரி, மூன்றாவது சனிக்கிழமை.
கால்கரியிலிருந்து ரேடியம்
மூன்று மணி நேரம் என்கிறது வரைபடம்.
இழையினியின் மூத்திரப்பையைக் கேட்டால்
நாலரை.

"தானாவே சுடச்சுட வருதாம்மா?
யாரு பில் கட்டுறா?"
மலையில் இறங்கிய பனித்தண்ணீர்
பாறையின் இருட்டில் நெடுங்காலம் கிடந்து
சூடேறி,
சுண்ணமும் உப்பும் கரைத்து எடுத்துக்கொண்டு
கூப்பிடாமலே மேலே வரும் என்றேன்.
"அவ்ளோ நாள் உள்ள என்ன பண்ணும்?"
ஒன்பது வயது. பதில் இல்லை என்னிடம்.

நிகிலுக்கு வேறு கவலை:
அழுகின முட்டை நாற்றம் அடிக்குமா?
இந்தத் தண்ணீரில் அடிக்காதாம், விசாரித்துவிட்டேன்.
அடித்தால் நன்றாயிருந்திருக்கும் என்று
முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனான்.

செல்வமுருகனுக்கு எப்போதும்
காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட அவசரம்.
விடியற்காலை ஐந்துக்கே கிளம்ப வேண்டுமாம்.
குளிர்கால டயர் மாட்டியாயிற்று.
மண்வாரி, போர்வை, டார்ச் லைட்,
வழியில் பனியில் மாட்டினால் உயிர்பிழைக்க.
உயிர்பிழைத்தால் சாப்பிடப்
புளியோதரை.
தொப்பையைப் பற்றி மட்டும் அவர் பேசவில்லை.
மூன்று வாரமாக ராத்திரி சோறு வேண்டாம் என்கிறார்.

நான் வாங்கிய நீச்சலுடையை
நள்ளிரவில், குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு
போட்டுப் பார்த்தேன்.
முழங்கால்வரை, முழங்கைவரை, கருநீலம்.
நாற்பத்து மூன்று வயதில்
கண்ணாடிக்குள் ஒரு கடல்நாய்.
போட ஐந்து நிமிடம்,
கழற்றத்தான் அரைமணி.

ஞாயிறு மாலை எட்மன்டனுக்குப் போன்,
ஸ்பீக்கரில், வெங்காயத் தோலுக்கு நடுவே.
என் காரா உன் காரா என்று
ஆரம்பித்தான் தம்பி பிரசன்னா.
பெட்ரோல் கணக்கு, பூங்கா அனுமதிச் சீட்டு,
இரவு தங்குவதா திரும்புவதா,
ஊருக்குள் நடுரோட்டில் நிற்குமாமே மலையாடுகள்,
அதுகளுக்கு ஹாரன் அடிக்கலாமா...
மிருணா வெகுநேரம் பேசவில்லை.
பாத்திரம் கழுவும் ஓசை மட்டும்.
பிறகு சும்மா கேட்பதுபோல்,
"எத்தனை டிகிரிக்கா அந்தத் தண்ணி?"

"முப்பத்தொன்பது, நாற்பது இருக்கும்."

முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால்
ஒரு குழாய் நின்றது.
"அப்ப நான் கால் மட்டும் நனைச்சுக்கறேன்."

கால் மட்டும்.

போன குளிர்காலம்
ஃபிளாஸ்க்கில் ரசத்தோடு
தனியாக ஓட்டிப் போனேன் அவர்களிடம்.
திறக்காமலே திரும்பி வந்தது ரசம்.
அதற்கப்புறம் அந்தப் பேச்சை
யாரும் எடுத்ததில்லை.

இப்போதும் எடுக்கவில்லை.
பிரசன்னா இருமினான், அவ்வளவுதான்.
"ஏன், சூட்டுத் தண்ணி ஆகாதா?" என்று
வாயெடுத்தவரை
மேசைக்கடியில் மிதித்தேன்.
நல்ல மிதி.

"கால் போதும் மிருணா,
கால் வழியாத்தானே குளிர் ஏறுது,
கால் வழியாவே இறங்கட்டும்."
என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கவில்லை.
அவள் சிரித்தாள்.
மாதக்கணக்கில் கேட்காத சிரிப்பு,
மூக்குறிஞ்சலில் முடிந்தது.

இரவு, பில்லை மறுபடி எடுத்தேன்.
ஐந்து மணியை அடித்து
எட்டு என்று எழுதினேன்.
வழியில் இன்னும் இரண்டு நிறுத்தம்,
சாக்கு இழையினி.
கம்பளிக் காலுறை, இரண்டு ஜோடி.
மடக்கு நாற்காலி: குளக்கரையில் விடுவார்களா,
காலையில் கேட்க வேண்டும்.
பாதி நேரம் நானும் கரையில்,
கடல்நாய் உடையோடு.
புளியோதரைக்குப் பக்கத்தில்
மாங்காய் என்று எழுதி,
அவசரப்படாதே என்று அடித்தேன்.
அடித்ததன் மேலேயே
மறுபடி எழுதினேன்.

படுக்கையிலிருந்து குரல்:
"மொத்தம் ஆறு டிக்கெட்தானே?"

"ஆறுதான். தூங்குங்க."

பில்லைத் திருப்பினேன்.
பணம் கட்டக் கடைசி நாள்
நேற்று.