ஓரெழுத்து

டேப்லெட்டை அவன் எடுத்துப் போகவில்லை.
மூலையில் கீறல், சார்ஜர் வயரில் செல்லோ டேப்.
டாக்ஸ் கணக்குக்கு ஆகுமே என்று வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மதியம் சுகிர்தாவுக்கு எழுதினேன்:
நீ எப்ப வர்ற?
விரல் வேகமாய்ப் போய்விட்டது.
அவளுக்குக் கிடைத்தது
நீ சாப்பிட்டுப் படு, எனக்கு லேட்டாகும் எப்ப வர்ற?

பெண்டில் ஹில்லிலிருந்து பதில்:
சாப்பிட்டாச்சு. பட்டப்பகல்ல எதுக்குடி படுக்கணும்?

சிரித்தேன்.
பிறகு செட்டிங்ஸுக்குள் போய்ப் பார்த்தேன்.

ஓரெழுத்தே ஒரு சொல்லாகும் என்று
எட்டாம் வகுப்பில் ஒப்பித்திருக்கிறேன்.
ஆ, பூ, தீ, கை, போ.
அவனும் அதே பாடம்தான் படித்திருக்கிறான்.
மீ என்றால் மீட்டிங்கில் இருக்கிறேன்.
மா, அவன் அம்மாவுக்கு: மாத்திரை போட்டாச்சா.
ம என்றால் மன்னிச்சிடு, இன்னைக்கும் முடியல.

ஆறு வருஷம்
அத்தனை மன்னிச்சிடுவையும்
முழுசாய் வாசித்தவள் நான்,
காற்புள்ளி உட்பட.
அந்தக் காற்புள்ளியில் அவன்
ஒரு நொடி தயங்கினான் என்று நினைத்திருந்தேன்.

பட்டியலின் அடியில்
பே: பேசணும், நேர்ல.

இது எனக்கு ஒருமுறையும் வந்ததில்லை.
வேறு யாருக்காவது போயிருக்கலாம்.
இல்லை, எனக்கென்றே செய்துவைத்து
பரமட்டாவில் ரயில் ஏறி
வெஸ்ட்மீட் தாண்டும்வரை
கட்டைவிரலைத் தூக்கியே வைத்திருந்தானோ என்னவோ.

இடப்பக்கம் தள்ளினால் சிவப்புப் பட்டை,
தொட்டால் காலி.
மீ போனது. மா போனது. நீ போனது.
ம மட்டும் இரண்டு தரம் தள்ள வேண்டியிருந்தது,
பாத்திரம் கழுவிய கை.
பேயை என்ன செய்தேன் என்று சொல்லமாட்டேன்.

வீயை விட்டுவைத்தேன்.
வாடகை நான்தான் கட்டுகிறேன்,
விலாசம் சரியாகத்தானே இருக்கிறது.

திங்கட்கிழமை, தோசைமாவு கொண்டுவரும்
டூங்காபிக்காரர் வீடு எது என்றார்.
வீ தட்டி ஓர் இடைவெளி விட்டேன்.
கதிரவேல், 4/17, ஹார்னெட் தெரு, வென்ட்வொர்த்வில்
என்று மொத்தமாய் வந்து நின்றது.

பெயருக்குப் பின்னால் விரலை வைத்து
அழிக்க ஆரம்பித்தேன்.
முதலில் புள்ளி போனது,
பிறகு ல,
பிறகு இரட்டைக்கொம்பு,
வ,
ர.

கதி என்று இருந்தபோது
ஒரு டப்பாவா ரெண்டா என்று கேட்டு
மேலே வந்து மறைத்தது
மாவுக்காரர் செய்தி.