மெய்க்கு அரை மாத்திரை

ட்ரோம்சோவில் நவம்பர் கடைசியில்
சூரியன் விடுப்பில் போய்விடும்.
அந்த வாரம்தான் சோல்வோருக்கு
மருந்துச்சீட்டு எழுதினார்கள்.

கட்டி போயாயிற்று, பட்டாணி அளவுதான்.
கதிர்வீச்சும் முடிந்தது.
சிவந்து உரிந்த தோல் இப்போது
தேநீர்க் கறை நிறத்தில் நிற்கிறது.
மிச்சம் ஒரே கேள்வி:
மாதவிலக்கு நின்ற பின்னும் உடம்பு
கொழுப்புக்குள் ரகசியமாய்க் காய்ச்சும் ஈஸ்ட்ரோஜனை
ஐந்து வருடம் தடுத்துவைப்பதா?

மருத்துவர் அஸ்லாவ் ஒரு தாளில்
நூறு வட்டங்கள் போட்டார்.
"உங்களைப் போல நூறு பேர்.
பெரும்பாலோருக்கு மாத்திரை இல்லாமலே ஒன்றும் வராது.
மாத்திரையால் தப்புகிறவர்கள்
இதோ, இந்த மூன்று பேர்."

"எந்த மூன்று பேர்?"

"அது தெரிந்தால்
மற்றவர்களுக்கு ஏன் எழுதித் தரப்போகிறேன்?"

பிறகு மெதுவாக, பேனாவை மூடியபடி:
மூட்டு இறுகலாம். எலும்பு மெலியலாம்.
நள்ளிரவில் போர்வை எரியலாம்.
காலையில் விரல்கள் மடங்க மறுக்கலாம்.
சிலருக்கு. சிலருக்கு எதுவுமே இல்லை.

சோல்வோருக்கு விரல்தான் நாக்கு.
இருபத்தாறு வருடமாகச் சைகை மொழிபெயர்ப்பாளர்.
நீதிமன்றத்தில், பிரசவ அறையில்,
மீன் ஆலையின் சம்பளத் தகராறில்
அடுத்தவர் கோபத்தைத் தன் கைகளால் பட்டவள்.

இதே அறையில், நான்கு வருடம் முன்,
அஸ்லாவுக்குப் பக்கத்தில் நின்றாள்.
எதிரே யோரிட், ரொட்டிக்கடைக்காரி, காது கேளாதவள்.
இதே மருந்து. இதே மூட்டு, இதே எலும்பு.
ஐந்து வருடம் என்பதை
ஐந்து விரலால் சொல்லிவிட்டாள், எவ்வளவு சுலபம்.
யோரிட் அவளைப் பார்த்தே கேட்டாள்:
நீயாக இருந்தால்?
மொழிபெயர்ப்பவளுக்கு 'நான்' கிடையாது. விதி அப்படி.
கேள்வியை அப்படியே
மருத்துவர் பக்கம் திருப்பிவிட்டாள்.

இப்போது பனியில் வழுக்கி வழுக்கி
யோரிட்டின் கடைக்குப் போனாள்.
யோரிட் மாவுக் கையோடு சொன்னாள்:
இரண்டாம் வருடத்தில் நிறுத்திவிட்டேன்.
கை திரும்ப வந்தது.
இருமல் வந்தால் மட்டும்
நுரையீரலோ என்று மூன்று நாள் தூக்கம் போகும்.
அவ்வளவுதான்.

நீயாக இருந்தால்? என்றாள் சோல்வோர்.

யோரிட் நிமிர்ந்தாள்.
பக்கத்தில் யாருமே இல்லாத ஒரு நாற்காலியைக்
கறாராகச் சுட்டிக் காட்டினாள்.
பிறகு இரண்டு பேரும்
அடுப்பு கருகும்வரை சிரித்தார்கள்.

வீட்டில் எல்லிங் "சாப்பிட்டுவிடேன்" என்கிறான்,
ஜன்னலைச் சாத்திவிடேன் என்பதுபோல.
பயத்தில் சொல்கிறான். அவளுக்குத் தெரியும்.
தெரிந்தும் எரிச்சல்.

நான் இதை எழுதும் மொழியில்
மாத்திரைக்கு இன்னொரு கணக்கு உண்டு.
கண் ஒருமுறை இமைக்கும் நேரம்.
விரல் ஒருமுறை சொடுக்கும் நேரம்.
குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு,
மெய்க்கு அரை.
சோல்வோருக்குத் தமிழ் தெரியாது.
ஆனாலும் அவளே கேட்டாள்:
"பாதியாக உடைத்துப் போடலாமா?"
அஸ்லாவ் தலையசைத்தார். கூடாது.
இந்த மெய்க்கு அரை போதாது.

டப்பா ஜன்னலோரம் ஏழு வாரம் கிடந்தது,
வரிக் கடிதங்களுக்கும் ஒற்றைக் கையுறைக்கும் நடுவே.

ஜனவரியில் ஒரு செவ்வாய், காரணம் ஒன்றும் இல்லை,
தொலைபேசியில் சொன்னாள்:
"மூன்று மாதம். விரல் திக்கினால் நிறுத்திவிடுவேன்."
"விரல் திக்குமா?"
"திக்கும். எனக்குத் தெரியும்."
"சரி. மூன்று மாதம். அப்புறம் பேசுவோம்."

தண்ணீரோடு போயிற்று. ருசி எதுவும் இல்லை.
விளக்கைப் போட்டுக்கொண்டு, ஜன்னலுக்கு எதிரே நின்று
இருபத்தொன்பது எழுத்தையும்
ஒவ்வொன்றாக விரலில் ஓட்டிப் பார்த்தாள்.
வெளியே காலை பத்து மணி இருட்டு.
கண்ணாடிக்குள் ஒருத்தி
ஒன்றும் பிசகாமல் கூடவே சொல்லிக்கொண்டு வந்தாள்,
இடக்கையால்.