பதினான்கு

மகெல்லன் நீரிணையில் ஓதம் வடிந்த காலை.
கறுத்த கூழாங்கற்களின் மேல் அவள் கிடந்தாள்,
கவிழ்த்துப் போட்ட படகுபோல்
ஒரு பைலட் திமிங்கிலம்.
நான் குறிப்பேட்டுக்காரி.
யாஸ்னா சொல்வதை எழுதவேண்டும்,
காற்று தாளைப் பிடுங்காமல்
முழங்கையால் அழுத்திக்கொள்ளவேண்டும்.

வயிற்றைத் திறந்ததும் ஆவி எழுந்தது.

"யோனி. உள்ளே மடிப்புகள்,
ஒன்றுக்குள் ஒன்று செருகிய புனல்கள்.
கடல்நீரைத் தடுக்க என்கிறார்கள்,
யாருக்கும் உறுதியில்லை."
உறுதியில்லை என்பதையும் எழுதினேன்.
"கருப்பைக் கழுத்து, இறுக்கம்.
அப்பால் கருப்பை. இரண்டாய்க் கிளைக்கிறது,
கிடாயின் கொம்புகள் மாதிரி.
இடக்கொம்பு தொய்ந்திருக்கிறது.
குடியிருந்தவை பெரும்பாலும் இந்தப் பக்கம்."

கயிற்றைப் பிடித்திருந்த எர்வின் சிகுவாய்
நண்டுப் படகுக்காரன். எட்டிப் பார்த்தான்.
"எங்க பசுவுக்கும் இப்படித்தான் இருக்கும்.
கன்னு குறுக்க விழுந்தப்போ
கைவிட்டுத் தடவியிருக்கேன்."
பசுவுக்கும் பூனைக்கும் இந்தக் கடல்காரிக்கும்
ஏறக்குறைய ஒரே வரைபடம்.
நம் வகையறாவில்தான்
கொம்பிரண்டும் கூடிக்
கவிழ்ந்த பேரிக்காய் ஆகிவிட்டது.

கருக்குழாய் மெலிந்து வளைந்து போனது.
அதன் விரிந்த முனை
இன்னும் சூலகத்தின் மேல் கவிந்திருந்தது,
செத்தது அதற்குச் சொல்லப்படாததுபோல்.

மீன் வெட்டும் பலகையில் சூலகத்தை
ரொட்டிபோல் நறுக்கினாள்.
உள்ளே வெள்ளைத் தழும்புகள்.
முட்டை ஒன்று புறப்பட்டுப் போன இடத்தில்
ஒவ்வொன்றாய்.
"நமக்கு மாதங்களில் கரைந்துவிடும்.
இவர்கள் சாகும்வரை வைத்திருப்பார்கள்."

எண்ணினோம். பதினான்கு.
எர்வினும் சேர்ந்து மறுபடி.
"அப்ப பதினாலு பிள்ளையா?"
"தெரியாது. பிறந்ததும், உண்டாகவே இல்லாததும்,
பாதியில் கலைந்ததும்
பார்க்க ஒரே தழும்புதான்."

கடைசியில் சொன்னதை நான் எழுதவில்லை.
குளிரில் பேனா உறைந்தது என்று
சொல்லத் தயாராய் இருந்தேன்.
யாஸ்னா கேட்கவில்லை.

தழும்புகள் எல்லாம் சுருங்கிப் பழையவை.
பல வருஷமாய் முட்டை இல்லை என்றாள்.
பிறகு, ஏதோ தோன்றி,
முலைப்பிளவை விரலால் அழுத்தினாள்.

பால்.

எர்வின் கயிற்றை விட்டுவிட்டான்.
"யாருக்கு?" என்றான் கடலைப் பார்த்து.
அங்கே கப்பல் ஒன்றுதான் போய்க்கொண்டிருந்தது.

"எழுது" என்றாள் யாஸ்னா.
அளவு? என்றேன்.
கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"ஒரு துளி என்றே எழுது."