மேலே பதினெட்டு, கீழே பதினெட்டு

மாரிக்காளை அதை ஈரத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தான்.
"கிழடா இளசா, பாத்துச் சொல்லுங்க டாக்டரம்மா.
ரேஞ்சர் கேக்குறாரு."
நான் டாக்டர் இல்லை.
கோவில்கடவு பாலத்துக்குப் பக்கம்
பல்செட் கட்டுகிறவள்.
மேசையெல்லாம் பிளாஸ்டர் தூசி.
சன்னலுக்குக் கீழே பாம்பாறு.

நீர்நாயின் மண்டை.
உள்ளங்கையில் அடங்கிற்று.

மேலே பதினெட்டு, கீழே பதினெட்டு.
நம்மைவிட நான்கு கூடுதல்.
முன்பற்கள் குருணை அரிசி மாதிரி, பெயருக்கு.
கோரை, வழுக்குவதைப் பிடித்து நிறுத்த.
பிழைப்பெல்லாம் பின்னால்,
அந்த அகலக் கடைவாயில்:
முள்ளா சதையா என்று கேட்காது,
நண்டின் ஓட்டையும் மாவாக்கும்.

விடிகாலையில் கேட்டிருக்கிறேன்.
ஆற்றிரைச்சலுக்கு மேலே
நறுக், நறுக்.
இரண்டு கையாலும் மீனைச் செங்குத்தாகப் பிடித்து,
தலையில் ஆரம்பித்து.
வாலை மிச்சம் வைத்ததை நான் பார்த்ததில்லை.
தின்று முடித்துப் பாறையில் கழித்துவிட்டுப் போகும்,
வெயிலேறினால் செதில்கள் மினுங்கும் அதில்.

இதற்கு
இடப்பக்க மேல்கோரை பாதியில் முறிந்து
முறிந்த முனை வழவழத்திருந்தது.
முறிந்து வருடங்கள் ஆகியிருக்கும்.
ஒரு குழி எலும்பால் தூர்ந்துவிட்டது.
கடைவாய் தேய்ந்த காலணா.

"பைலிச் சேட்டன் குளத்துல
எழுபது கிலோ திலாப்பி காணமாம்.
இதுதான் தின்னுச்சான்னு
பல்ல வச்சுச் சொல்ல முடியுமா?"

முடியும்.
ஓடுகிற மீனை இந்த வாய் பிடித்திருக்காது.
தவளை தின்றிருக்கும்.
இல்லை, வலைக்குள் கொழுத்து
வாய்க்கெதிரே வந்து நிற்பதை.

மண்டையின் அடியில், கழுத்து சேருமிடத்தில்,
மெல்லிய கோடு ஒன்று.
நான் கொக்கி வளைக்கும் கம்பியைவிடத் தடிப்பானது.
அதை அவன் கேட்கவில்லை.

காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன்:
வயது, முதிர்ந்தது.
உணவு, கிடைத்தது.

வியாழக்கிழமை பைலிச் சேட்டன் வந்தார்.
மேலும் கீழும் முழு செட், இருபத்தெட்டு.
மண்டை இன்னும் விளக்கடியில்தான் இருந்தது.
மாரிக்காளை திரும்ப வரவில்லை.
அவர் அதைப் பார்த்தார்.
விரல் தானாகப் போய்
முறிந்த கோரையைத் தொட்டது.
பல்லில்லாத வாய்க்குள்
நாக்கு எதையோ தேடியது.

"இந்த அளவுக்குத் தேஞ்சுபோச்சோ" என்றார்,
என்னிடம் அல்ல.

செட்டைப் பொருத்தினேன். நீலத்தாளை வைத்தேன்.
கடிங்க.
இடப்பக்கம் மட்டும் பதிந்தது.
ராவினேன். மறுபடி கடிங்க.

"மீன் தலை கடிக்கலாமா?"

ஆறு மாசத்துக்கு மெத்தென்று இருப்பதாகப் பாருங்கள்.
முள் வேண்டாம்.
நண்டு வேண்டவே வேண்டாம்.

சரி என்று தலையாட்டினார்.
பணத்தை எண்ணிவைத்துவிட்டுக் கதவு வரை போனவர்
திரும்பி வந்து
அந்தத் துண்டை எடுத்து மண்டையை மூடினார்.
புதுப்பல் வாய்க்குள் இன்னும் இடம் கொள்ளவில்லை.
ஏதோ சொன்னார்,
ஒரு எழுத்தும் புரியவில்லை.