திரும்பி வந்த பெட்டி

தம்மாமில் இறங்கியது. மஸ்கட்டிலும் இறங்கியது.
தோஹாவில் மட்டும் பதினெட்டு நாள்
கொதிக்கிற இரும்புக்குள் நின்றுவிட்டு
தூத்துக்குடி வழியாகக் கப்பலூருக்கே
வந்து சேர்ந்துவிட்டது, எண்ணூறு அட்டைப்பெட்டி அப்பளம்.

ஒரே உளுந்து. ஒரே வாரத்து அரவை.
அனுப்பானடி மொட்டைமாடிகளில்
அதே பங்குனி வெயிலில் காய்ந்த வட்டங்கள்.
பாதியை ஒரு தேசம் நொறுக்கித் தின்றுவிட்டது.
மீதியின் மேல் இன்னொரு தேசம்
சிவப்பு மையில் எழுதியிருக்கிறது: உண்ணத் தகாதது.

என் பெயர் ஜைத்தூன். ஆவணப் பிரிவு.
என் அரபி காஜிமார் தெருவில் ஓதிப் படித்தது.
எழுத்து தெரியும், இழுக்க வேண்டிய இடம் தெரியும்;
அர்த்தம் இருபது வருஷம் கழித்து
லேபிளோடு வந்தது.
இன்தாஜ், உண்டான நாள்.
இன்திஹா, முடிகிற நாள்.
காதுக்கு அக்காவும் தங்கையும் மாதிரி.
மாதத்தை எண்ணாகப் போட்டால் ஒரு துறைமுகம் முகம் சுளிக்கும்,
எழுத்தாகப் போட்டால் அடுத்தது.
ஒட்டிய லேபிள் ஒருவருக்குச் சம்மதம்;
இன்னொருவருக்கு ஒட்டுவதே பித்தலாட்டம், அச்சில் வேண்டும்.
அப்பளக்காரத்துக்கோ
கரைக்கு ஒரு நாக்கு.

முதலாளி துளசிராம் கால்குலேட்டரைக் கவிழ்த்து வைத்தார்.
"ஒரே பாஷை, ஒரே ரொட்டி, ஒரே பேரீச்சம்பழம்.
ஒரு காகிதத்துல ஒத்துப்போக மாட்டாங்களா?"
பிறகு ஃபோனை எடுத்து
அண்ணனோடு சௌராஷ்டிரத்தில் சண்டை போட்டார்,
ஒரே பாஷையில்,
பாகம் பிரியாத ஒரு கிடங்குக்காக.

நேற்று ஒரு கடிதம்.
அந்த நாடுகளின் அதிகாரிகள் ஒரே மேஜையில் கூடுகிறார்களாம்.
ஒரு வாசலில் சோதித்தால் போதுமாம்,
மற்ற வாசல்கள் அதை நம்புமாம்.
நம்புவதற்கு அதில் நீளமாக ஒரு பெயர் போட்டிருந்தது:
பரஸ்பர அங்கீகாரம்.
பேக்கிங்கில் பஞ்சவர்ணத்துக்கு வாசித்துக் காட்டினேன்.
டேப்பைப் பல்லால் அறுத்தபடி கேட்டாள்:
"அங்க சரின்னா இங்கயும் சரியா? ஒரு கேள்வியும் இல்லாமயா?"

அவள் கைக்கு ஒரு சான்றிதழ் உண்டு.
ஆறு மாதத்துக்கொருமுறை நானேதான் கோப்பில் கோர்க்கிறேன்:
நகம், தோல், சளி, இரத்தம்,
எல்லாம் தகுதி. கடல் தாண்டுகிற தகுதி.
அவள் பஸ் ஏறும் விலக்கில்
டீக்கடையில் மற்றவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ்,
அவள் தெருக்காரர்களுக்குப் பேப்பர் கப்.
"சுத்தந்தானம்மா, நல்லதுதானே" என்பாராம் கடைக்காரர்.
அதற்கு எந்த ஆய்வகம், எங்கே மேல்முறையீடு,
நான் கேட்கவில்லை.
நானும் இரண்டு வருஷமாக
கேன்டீன் பானையைத் தொடாமல்
வீட்டு பாட்டிலோடுதான் வருகிறேன்.
பானையை நிரப்புவது பஞ்சவர்ணம்.
சுத்தம் என்றுதான் நானும் சொல்லிக்கொள்கிறேன்.

திரும்பி வந்ததை என்ன செய்வது?
அதற்கு மேஜை எதுவும் தேவைப்படவில்லை.
லேபிளைக் கிழித்துவிட்டால்
திருமங்கலத்துக் கல்யாண மண்டபங்கள் வாங்கிக்கொள்ளும்.
தோஹாவுக்கு ஆகாதது நமக்கு ஆகும்.
பந்தியில் யாரும்
இலையைத் தூக்கித் தேதி பார்ப்பதில்லை.

மத்தியானம் ஒரு பெட்டியைக் கீறினாள்.
கேன்டீன் அடுப்பில் இடுக்கியால் ஒன்றைப் பிடித்து
திருப்பித் திருப்பிச் சுட்டாள்.
கொப்புளம் கொப்புளமாக எழும்பியது,
ஓரம் மட்டும் கொஞ்சம் கருகல்.
முகர்ந்தாள். "இதுலயா கொறை கண்டாய்ங்க?"
உடைத்துப் பாதியை என்னிடம் நீட்டினாள்.

பழக்கதோஷம், திருப்பிப் பார்த்தேன்
நாள் எங்கே போட்டிருக்கிறதென்று.
அதற்குள் தன் பாதியைத் தின்று முடித்து
பானை மூடியை எடுத்துவிட்டாள்.
இரண்டு டம்ளர் மொண்டாள்.